கூதிர்காலத்துப் பட்டறை

நெடுநல்வாடையைப் பதினாறு ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். 188 அடிகள். அவற்றில் எங்கே நிற்க வேண்டும், எங்கே வேகமாகக் கடக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். பகலா இரவா என்று தெரியாமல் கால் மாற்றி மாற்றி நிற்கும் புறாக்களிடம் நிற்பேன். வானம் இருண்டு கிடப்பதால் பிச்சிமொட்டு அவிழும் மணத்தை வைத்து மாலை வந்ததை அறிந்து விளக்கேற்றும் பெண்களிடம் நிற்பேன். குளிரில் இறுகிய யாழ் நரம்பை மார்பின் சூட்டில் தடவிப் பண் கூட்டும் பெண்ணிடம் கொஞ்சம் தயங்கி நிற்பேன். அரண்மனை கட்டும் பகுதி வந்ததும் குரல் தானாக வேகமெடுக்கும். நூல் பிடித்து மனை வகுத்தது, நிலை வைத்தது, கதவு பொருத்தியது, இரும்பு பிணித்தது, அரக்கு பூசியது. "இதெல்லாம் வருணனை, படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அரசியின் கட்டிலுக்குப் போய்விடுவேன். தேர்விலும் கட்டில்தான் வரும். அதுவும் அரசியின் துயரத்தோடு சேர்த்து வரும்.

2024 டிசம்பரில் இந்தப் பழக்கம் உடைந்தது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே நான் நாள்தோறும் கடந்துபோகும் ஊர் அது. கல்லூரி திறந்த பிறகு முதல் வகுப்பு நெடுநல்வாடை. வகுப்பறைக் கதவு திறக்கவில்லை. அலுவலக உதவியாளர் வந்து தோளால் இடித்துத் திறந்தார். பிறகு அது மூடவில்லை. ஈர வாடை நேராக உள்ளே வந்தது. பிள்ளைகள் துப்பட்டாவைக் காதுவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "நக்கீரர் காலத்துக் கம்மியன் இருந்திருந்தால் நமக்கு இந்தக் கதி இல்லை" என்று சும்மா சொல்லிவைத்தேன்.

இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அதிகம் பேசாத பெண்.

"அம்மா, இது செஞ்சவரு தப்பில்லீங்க. மரம் தண்ணி குடிச்சிருக்கு. இப்ப இறுகும். பங்குனியில பாருங்க, விரல் போற அளவுக்கு சந்து விட்டுரும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா பட்டறை வச்சிருக்காரும்மா. நான் கூடமாட செய்வேன்."

அவள் வீடு கள்ளக்குறிச்சிப் பக்கம். 2019 நவம்பரில் தனி மாவட்டமாகும்வரை அதுவும் விழுப்புரம் மாவட்டம்தான். அந்தப் பக்கத்து மரச் சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேர்ச் சிற்பம் செய்த கைகள் இன்று வாகையிலும் தேக்கிலும் பிள்ளையார், பெருமாள், கதவுப் பலகை, ஊஞ்சல், யானைத்தலை என்று செய்துகொண்டிருக்கின்றன. பட்டறை என்றால் தனிக் கட்டடம் இல்லை. வீட்டின் பின்பக்கம் தகரம் இறக்கிய கொட்டகை, அல்லது திண்ணை, அல்லது முன்னறையேதான்.

அன்று பாடத்தை அவளை வைத்துக்கொண்டு மறுபடி படித்தோம். கதவுப் பகுதியில் நக்கீரர் ஒரு சொல் போடுகிறார்: புரை. கைதேர்ந்த கம்மியன் முடுக்கியதால் புரை இல்லாமல் போன கதவு. புரை என்றால் குற்றம், இடைவெளி, உள்ளே ஓடும் பொந்து. கண்ணில் வந்தால் கண்புரை, புண்ணில் வந்தால் புரையோடுதல். நான் இத்தனை நாளும் "குற்றமற்ற வேலைப்பாடு" என்று பொருள் சொல்லிவந்தேன். அவள் கேட்டாள், "முடுக்கறதுன்னா ஆப்பு அடிச்சு இறுக்கறதுதானேம்மா? பச்சை மரத்துல முடுக்குனா வெயில் காலத்துல கழண்டுக்கும். நல்லா காஞ்ச மரத்துல முடுக்குனாத்தான் நிக்கும். அப்ப அந்த மரம் ரொம்ப நாளு காஞ்ச மரம்."

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதில்லை. அகலவாக்கில்தான் ஈரம் குடித்து விரிகிறது, காய்ந்து சுருங்குகிறது. அதனால்தான் ஒரே பலகையாகக் கதவு செய்யாமல், சட்டம் போட்டு, காடி வெட்டி, நடுவில் பலகையை ஒட்டாமல் விட்டுவைக்கிறார்கள். உள்ளே இருக்கும் பலகை மூச்சு விடலாம், வெளிச்சட்டம் அளவு மாறாது. மேலே பூசும் அரக்கு ஈரம் ஏறுவதைத் தாமதப்படுத்தும். இரும்புப் பட்டை பலகை முறுக்கிக்கொள்ளாமல் பிடிக்கும். இவ்வளவும் அந்தப் பாட்டில் வரிசையாக இருக்கிறது. கதவின் மேல் கிடக்கும் மரத்தைப் புலவர் ஒரு நாளின் பெயர் கொண்ட மரம் என்கிறார். உரை படித்தவர்களுக்கு அது உத்திர நட்சத்திரம், உத்தரம் என்று விளங்கும். "நாங்க இப்பவும் உத்திரம்னுதான் சொல்வோம்" என்றாள் அவள், இதில் என்ன அதிசயம் என்பதுபோல.

வாடையைப் பற்றிய பாட்டில் கதவுக்கு இவ்வளவு இடம் எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. வாடையைத் தடுப்பது கதவு. கூதிர்காலத்தில் புரையில்லாத கதவு இருப்பவர் யார், இல்லாதவர் யார் என்பதே அந்தப் பாட்டின் ஒரு பாதி. வெளியே கோவலர் பற்கள் கிட்டித்து நடுங்குகிறார்கள். நடுவில் கம்மியன் முடுக்கிய கதவு. உள்ளே அரசி. கம்மியன் கதவின் எந்தப் பக்கம் படுத்தான் என்று பாட்டு சொல்வதில்லை.

தமிழ்த்துறைகள் நெடுநல்வாடையைப் பற்றி எழுதியவற்றில் பெரும்பகுதி அது அகமா புறமா என்பதில் தீர்ந்துபோயிற்று. வேலில் வேம்பு கட்டியிருப்பதால் பாண்டியன், பாண்டியன் என்றால் புறம். இந்த வழக்கை இன்னொரு முறை நடத்த எனக்கு விருப்பமில்லை. மிச்சம் எழுதப்பட்டது அரசியின் கற்பு. நகை களைந்து, கூந்தல் காய்ந்து, பிரிவை ஆற்றியிருக்கும் பெருமை. யார் கையால் எது செய்யப்பட்டது, யார் உடம்பைப் பார்த்துச் செய்யப்பட்டது என்ற கேள்வி இந்த இரண்டுக்கும் வெளியே நின்றுவிட்டது.

கட்டிலைப் பாருங்கள். நாற்பது வயது நிரம்பி, போரில் விழுந்துபட்ட யானையின் தந்தம். கூரிய உளியால் இலை வடிவு செதுக்கியிருக்கிறான் வல்லோன் ஒருவன். கால்களின் கீழ்ப்பகுதி பூண்டின் வடிவம். அதற்கு மேல் திரண்ட குடம், நிறைசூலிப் பெண்களின் பால் கட்டிய மார்பைப் போல. இந்த இடத்தில் வகுப்பில் ஆண் பிள்ளைகள் இருந்தால் சிரிப்பார்கள், பெண் பிள்ளைகள் புத்தகத்துக்குள் தலையை விடுவார்கள். நான் "உவமை" என்ற ஒரு சொல்லில் கடந்துவிடுவேன். என் கல்லூரி நாட்களில் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியரும் அப்படித்தான் கடந்தார். ஒரு கருவுற்ற பெண்ணின் உடம்பு மரவேலைக்கும் தந்தவேலைக்கும் வார்ப்பாக நிற்கிறது. அந்தக் கட்டிலின்மேல், துணை பிரிந்த இன்னொரு பெண் வண்ணம் தீட்டாத சித்திரம்போலக் கிடக்கிறாள். வாயில் தாண்டி உள்ளே வந்தால் யவனர் செய்த பாவை ஒன்று கையில் அகல் ஏந்தி நிற்கிறது. அதுவும் பெண்தான், செய்யப்பட்ட பெண். அரண்மனைக்குள் பெண் உருவாக உறைந்தவை இத்தனை. உளி பிடித்த கை ஒன்றும் பெண்ணுடையது என்று சொல்லப்படவில்லை.

ஆனால் பெண் கைகள் அந்தப் பாட்டில் ஓய்ந்திருக்கவில்லை. திரி கொளுத்துகின்றன, அகில் புகைக்கின்றன, அரசியின் அடி வருடுகின்றன. செவிலியர் சிறியதும் பெரியதுமாகக் கதை சொல்லி ஆற்றுகிறார்கள். கதவு நிலையில் நெய் பூசி வெண்கடுகு அப்பியிருக்கிறது. அதை அப்பியது யார்? வினைக்கு எழுவாய் இல்லை. இன்றும் எங்கள் பக்கத்தில் வாசக்கால் வைக்கும் நாளில் மஞ்சள் பூசுவது, குங்குமம் வைப்பது பெண்கள்தான். அதிலும் சுமங்கலிகள் மட்டும். புருஷன் இல்லாதவள் அந்த வீட்டுக்குக் கடன் வாங்கிக் கல் சுமந்திருந்தாலும் தள்ளி நிற்க வேண்டும். வேட்டியும் வெற்றிலையும் காசும் தச்சருக்குப் போகும். நெய்யும் கடுகும் பூசிய அந்தக் கையை ஒரு பெண்ணின் கை என்றுதான் நான் வாசிக்கிறேன். பாட்டில் சான்று கேட்டால் இல்லை. வழக்கத்தில் இருக்கிறது.

"கூடமாட" என்று அந்த மாணவி சொன்னாளே, அந்தச் சொல்லுக்கு வருகிறேன். வயல் வேலை, தறி, சூளை, கடை எதிலும் வீட்டுப் பெண்ணைக் கேட்டால் இந்தச் சொல்தான் வரும். "வேலை அவர்தான் செய்யறாரு, நான் கூடமாட இருப்பேன்." மார்கழியில் அவள் வீட்டில் கூடமாட என்றால் என்ன என்று பட்டியல் கேட்டேன். விடியலில் கொட்டகைக்குள் ஈரம் ஏறாமல் மரத்துக்குச் சாக்கு போர்த்துவது. உளிகளில் துரு ஏறாமல் எண்ணெய் துடைத்து வைப்பது. சிற்பத்தில் வெடிப்பு இருந்தால் மரத்தூளும் பசையும் குழைத்து அடைப்பது. பிறகு உப்புத்தாள். முதலில் 80ஆம் நம்பர், பிறகு 120, கடைசியில் 220. இடுக்கு, மூக்கு, நகை மடிப்பு எல்லாவற்றிலும் தாளைக் குச்சியில் சுற்றித் தேய்க்க வேண்டும். அம்மாவும் அவளும் ஒரு சிலைக்கு இரண்டு நாள் தேய்ப்பார்கள். அதன் பிறகு பாலிஷ். பனிக்காலத்தில் பாலிஷ் அடிப்பது கஷ்டம். காற்றில் ஈரம் இருந்தால் அரக்குப் பாலிஷ் வெள்ளை பூத்துவிடும். பசையும் சீக்கிரம் பிடிக்காது. வெயில் ஏறுகிற பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் முடிக்க வேண்டும். அந்த நேரம்தான் சோறு ஆக்குகிற நேரமும். அம்மா அடுப்புக்கும் பட்டறைக்கும் ஓடுவாள்.

குளிர்காலத்தில் இன்னொன்று நடக்கிறது. சாரலுக்கும் வாடைக்கும் பயந்து கொட்டகையின் படுதாவை இறக்கிவிடுவார்கள். தூள் வெளியேறாது. உளி சிராயாகப் பெயர்க்கும், சீவுளி சுருளாகச் சீவும். உப்புத்தாள்தான் மரத்தைக் கண்ணுக்குத் தெரியாத பொடியாக்கும். மூச்சில் மிக உள்ளே போவது அந்தப் பொடிதான். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியது. மூக்கிலும் அதைச் சுற்றிய எலும்புக் குழிகளிலும் வரும் புற்று. செதுக்குவதைவிடத் தேய்ப்பதில் பொடி அதிகம். தேய்ப்பது கூடமாட இருப்பவர்கள். சாயங்காலம் அந்தத் தூளைப் பெருக்கி அள்ளுவதும் அவர்களே. அவள் அம்மாவுக்கு மார்கழி முழுக்க இருமல். "பனி ஒத்துக்கல" என்று சுக்கு வைத்துக் குடிப்பாளாம்.

அரசின் கண்ணுக்கும் இந்தக் கை தெரிவதில்லை. 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில் 18 தொழில்கள் உண்டு, அதில் தச்சும் ஒன்று. கருவி வாங்க 15,000 ரூபாய். ஒரு குடும்பத்தில் ஒருவர்தான் பதிவு செய்துகொள்ளலாம். குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். ஒருவர் என்றால் யார் என்று சொல்லத் தேவையில்லை. பரம்பரைத் தொழிலுக்குள் பிள்ளைகளைத் தள்ளும் திட்டம் என்று தமிழ்நாடு அதை ஏற்க மறுத்து, சாதி கேட்காத கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. மறுத்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் குலத்தொழில் பற்றிய அந்த விவாதம் முழுக்க மகன்களைப் பற்றி நடந்தது. தச்சர் மகன் தச்சராகத்தான் வேண்டுமா என்று கேட்டோம். தச்சர் மகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவள் தொழிலுக்குள் பிறக்கிறாள், தொழிலைச் செய்கிறாள், தொழில் அவளுடையது ஆவதில்லை. குலத்தொழில் என்ற கூண்டுகூட அவளுக்குக் கூண்டாக வாய்க்கவில்லை.

அவள் தம்பிக்குப் பத்து வயதில் உளி கொடுத்தார் அப்பா. அவன் ஒரு பூ செதுக்கினான், போதும் என்று வைத்துவிட்டான். இப்போது கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறான். அவளுக்கு உளி கொடுக்கவில்லை. சாமி சிலை, பொம்பளை கை, தீட்டு, எந்த நாள் எப்படி என்று யாருக்குத் தெரியும். தேய்க்கும் கைக்குத் தீட்டில்லை, செதுக்கும் கைக்கு மட்டும் உண்டு. "நம்மோட முடிஞ்சிரும்" என்று அப்பா விருந்தாளிகளிடம் சொல்லும்போது அவள் பக்கத்தில் 220ஆம் நம்பர் தாளோடு உட்கார்ந்திருப்பாளாம். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மகளுக்கு உளி கொடுக்காத அந்தப் பட்டறை, சேரியிலிருந்து ஒரு பையன் கற்றுக்கொள்ள வந்தாலும் கொடுத்திருக்காது. சாதியை விட்டுவிட்டுப் பட்டறையின் ஆண்மையை மட்டும் விமர்சித்தால் அது பாதி விமர்சனம்.

டொரொண்டோவில் என் தோழி ஒருத்தி இருக்கிறாள். எம்.ஏ.யில் என்னோடு படித்தவள். அவளிடம் இதைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தபோது, "எங்க வீட்டு பேஸ்மென்ட்லயும் ஒரு பட்டறை இருக்கு" என்றாள். கணவர் கணினி வேலை. குளிர்காலத்தில் ஐந்து மாதம் வெளியே எதுவும் செய்ய முடியாததால் நிலவறையில் மேசை வாள், கடைசல் எந்திரம், பிடிப்பான்கள் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறார். சனி, ஞாயிறு அங்கேதான். புலம்பெயர்ந்த நம்மவர்களுக்கு பேஸ்மென்ட் என்றால் முதலில் வாடகைக்குத் தங்கிய இருட்டறை. சொந்த வீடு வாங்கியபின் அதே அறை கணவரின் பொழுதுபோக்காகிறது. தோழி சொன்ன ஒரு விவரம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. துணி துவைக்கும் எந்திரமும் அங்கேதான் இருக்கிறது. அவள் வாரத்துக்கு நாலு முறை இறங்குகிறாள். ஒரே அறை, ஒரே விளக்கு. அவர் இறங்கினால் ஓய்வு, அவள் இறங்கினால் வேலை. துவைத்து உலர்த்திய துணியில் மரத்தூள் ஒட்டினால் அவள்தான் உதற வேண்டும்.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ஸ்டீவன் கெல்பர் 1997இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தொழிற்சாலை வந்ததும் ஆணின் வேலை வீட்டைவிட்டுப் போயிற்று, வீடு பெண்ணின் இடமாயிற்று. பிறகு ஆண் வீட்டுக்குள் தனக்கென ஓரிடம் தேடி, சுத்தியலையும் வாளையும் எடுத்துக்கொண்டு நிலவறைக்கும் வண்டிக் கொட்டகைக்கும் திரும்பினான் என்பது அவர் வாதம். வீட்டுக்குள் ஓர் ஆண்மை. கனமான கருவி இருந்தால் அது வீட்டு வேலை ஆகாது, கைவினை ஆகிவிடும். வாசித்தபோது சரியாகத்தான் பட்டது. ஆனால் கள்ளக்குறிச்சிக்கு அது பொருந்தாது. இங்கே வேலை வீட்டைவிட்டுப் போகவே இல்லை. போகாததால்தான் பெண்ணின் உழைப்பு வீட்டு வேலையோடு கலந்து பெயரில்லாமல் கரைகிறது. அங்கே தோழியை நிலவறையில் யாரும் தேய்க்கச் சொல்வதில்லை. இங்கே தேய்க்கச் சொல்கிறார்கள், பெயர் வைப்பதில்லை.

இரண்டு குளிர்களும் மரத்துக்கு எதிரெதிர் என்பதும் அப்போதுதான் புரிந்தது. டொரொண்டோவில் ஜனவரியில் சூடாக்கி ஓடும் வீட்டுக்குள் காற்று வறண்டு கிடக்கும். மரம் சுருங்கும், மேசைப் பலகை வெடிக்கும், இழுப்பறை லொடலொடக்கும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை கூதிரில் மரம் ஈரம் குடித்து உப்பும். அங்கே இருப்பவர் குளிர்காலத்தில் செய்த இழுப்பறை கோடையில் மாட்டிக்கொள்ளும், இங்கே மழையில் சீவிய கதவு பங்குனியில் சந்து விடும். நக்கீரரின் கம்மியன் டொரொண்டோவில் இருந்திருந்தால் வேறு கணக்குப் போட்டிருப்பான்.

தமிழில் மரவேலைச் சொற்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். கடைதல் என்றால் மோர் கடைவது. மரத்தைச் சுழலவிட்டு உளி வைத்து உருட்டுவதும் கடைதல்தான், கடைசல். கயிற்றை முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றும் பழைய கடைசல் பட்டறையையும் மத்தையும் பக்கத்தில் வைத்தால், அசைவு ஒன்றே. இழைத்தல் என்றால் சந்தனம் இழைப்பது, பிள்ளைக்கு மருந்து இழைப்பது. பலகையை இழைப்பதும் அதே சொல். இழைப்புளி. சீவுதல் தலைக்கும் உண்டு, தேங்காய் ஈர்க்குக்கும் உண்டு, மரத்துக்கும் உண்டு. வினைச்சொல்லில் ஆண், பெண் இல்லை. ஒருத்தி விடிந்தால் கடைகிறாள், இழைக்கிறாள், சீவுகிறாள். அதே மூன்றையும் மரத்தில் செய்தால் அது கைவினையாகி, கைவினைஞர் என்ற பெயரும் அட்டையும் வருகிறது. அம்பை "வீட்டின் மூலையில் ஒரு சமையலறை" என்று தலைப்பு வைத்தபோது அந்த மூலையை நாம் பார்க்கத் தொடங்கினோம். வீட்டின் பின்பக்கக் கொட்டகையை இன்னும் யாரும் எழுதவில்லை. உலகம் முழுக்க அறை வேண்டும் என்று எழுதினார்கள். எனக்கு என்னவோ, அறையைவிட முதலில் அந்தக் கருவிப்பெட்டியின் சாவியைக் கேட்கத் தோன்றுகிறது.

சங்கப் பாட்டில் பட்டறையை உற்றுப் பார்த்த பெண் ஒருத்தி இருக்கிறாள். ஔவை. புறநானூற்றின் 87ஆம் பாட்டில் அதியமானின் பகைவர்களை எச்சரிக்கும்போது, அவன் எப்படிப்பட்ட வீரன் என்பதற்குத் தச்சரை அழைக்கிறாள். ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சர், ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் அவன். கணக்குப் போட்டால் இருநூற்று நாற்பது தேரின் நேரம் ஒரு சக்கரத்துக்குள் இருக்கிறது. இது தூரத்திலிருந்து பார்த்தவர் சொல்லும் உவமை இல்லை. வேகமாகச் செய்வதற்கும் மெதுவாகச் செய்வதற்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்தவர் சொல்வது. தேர்கள் பலவற்றை விட்டுவிட்டு ஒரு சக்கரத்தைத் தேர்ந்தது எனக்குப் பிடித்த இடம். மாத்திரை பிசகினால் சக்கரம் ஓடாது, பாட்டும் ஓடாது.

206ஆம் பாட்டு இன்னும் நெருக்கம். பரிசில் தராமல் நீட்டிக்கிறான் அதியமான். ஔவை வாயிலில் நிற்கிறாள், வாயில் காப்பவனோடு பேசுகிறாள். இங்கேயும் ஒரு கதவு, அவளுக்கு அது திறக்கவில்லை. யாழை எடுத்துக் கட்டிக்கொண்டு போகிறோம், எந்தத் திசைக்குப் போனாலும் எங்களுக்குச் சோறு உண்டு என்கிறாள். கோடரியோடு காட்டுக்குள் போகும் தச்சரின் கைதேர்ந்த சிறார்க்குக் காடு எப்படியோ, எங்களுக்கு உலகம் அப்படி. தன் கவித்திறனுக்கு ஈடாக அவள் எடுத்தது தச்சுத்திறனை. சிறார் என்ற சொல்லில் பால் இல்லை. இன்றும் சிறார் நூல் என்றால் சிறுமிக்கும் சேர்த்துத்தான். ஆனால் பதினாறு ஆண்டுகளாக நான் வகுப்பில் "தச்சனுடைய பையன்கள்" என்றே சொல்லிவந்திருக்கிறேன். கரும்பலகையில் எழுதியும் போட்டிருக்கிறேன். எந்த உரையும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லி மிரட்டவில்லை. கோடரி என்றதும் என் வாய் தானாகப் பையன்கள் என்றது.

அந்த மாணவியின் பருவக் கட்டுரைக்குத் தலைப்பு நெடுநல்வாடையின் கதவு. பதினொரு பக்கம். நச்சினார்க்கினியரோடு இரண்டு இடத்தில் சண்டை போட்டிருந்தாள். ஒன்றில் அவள் சொல்வது எனக்குச் சரி, மற்றதில் நச்சினார்க்கினியர் பக்கம் நிற்கிறேன். மேற்கோள் நூல்கள் குறைவு என்று இன்னொரு ஆசிரியர் மதிப்பெண் குறைக்கச் சொன்னார். பதினைந்து வருடம் உப்புத்தாள் பிடித்ததை எந்தப் பதிப்பகத்தின் பெயரில் சேர்ப்பது என்று அவரிடம் கேட்டேன். குறைக்கவில்லை.

தை பிறந்த பிறகும் வகுப்புக் கதவு மூடவில்லை. விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம், ஆள் வரும் என்றார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் துண்டில் சுற்றி ஒரு சீவுளியைக் கொண்டுவந்தாள். பிள்ளைகள் நாலு பேர் கதவைக் கழற்றிப் பிடித்தார்கள். உதவியாளர் வந்து, "ஏம்மா, இது உங்க வேலையா, கையில கிழிச்சுக்கிட்டா யார் பதில் சொல்றது" என்றார். நான் பதில் சொல்கிறேன் என்றேன். அவள் ஓரத்தில் கண்ணை வைத்து ஒருமுறை பார்த்தாள். பென்சிலால் கோடு போடவில்லை. மூன்றே இழுப்பு. தேக்கின் மணம் வகுப்பில் பரவியது. இன்னும் கொஞ்சம் எடுத்துவிடேன், தாராளமாக மூடட்டும் என்றேன். "வேணாம்மா, பங்குனிய நெனச்சுத்தான் சீவணும்" என்றாள்.

சீவுளி எடுத்துவந்தது அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம். பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தது அம்மா. சாயங்காலம் அவர் வருவதற்குள் எண்ணெய் துடைத்து வைத்துவிட வேண்டும் என்று மூன்றேகால் பேருந்துக்கு ஓடினாள்.

பங்குனி முடிந்துவிட்டது. கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு விடைத்தாளை நுழைத்துப் பார்த்தேன். ஒன்று போகிறது, இரண்டாவது போகவில்லை.